அக்கான் மக்களின் புனித நாட்களும் இயற்கைத் தெய்வங்களும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

கானாவின் முதற் பிரதமராகவும் பின்னர் சனாதிபதியாகவும் விளங்கிய குவாமே நிக்ருமா, 1957ஆம் ஆண்டு வெளிவந்த தமது சுயசரிதையின் தொடக்கத்திலே தம் பிறந்த நாள் பற்றிய சிக்கலொன்றைக் குறிப்பிடுகின்றார். அவருக்கு ஞானஸ்நானஞ் செய்த கத்தோலிக்கக் குரு 1909 செப்டெம்பர் 21ஆந் திகதியைப் பிறந்த நாளாகப் பதிவேட்டில் எழுதிவைத்தார். அத்திகதியோ செவ்வாய்க்கிழமையாகும். ஆனால் ‘குவாமே’ என்பது சனிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு உரிய பெயர். செப்டெம்பர் மாதத்து நடுப்பகுதியிலே ஒரு சனிக்கிழமை தாம் பிறந்தார் என்பதில் நிக்ருமாவுக்கு ஐயமிருக்கவில்லை. எந்த ஆண்டு, எத்தனையாந் திகதி என்பனவே தெளிவற்றிருந்தன. பதிவேடு திகதியை அறிந்திருந்தது. மக்கள் கிழமையை அறிந்திருந்தனர். இவ்விரு அறிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இது தனிமனிதர் ஒருவரது வாழ்க்கையில் நிகழ்ந்த சுவையான செய்தி மட்டுமன்று. காலத்தை அளப்பதற்கு இருவேறு முறைகள் ஒரு சமுதாயத்திலே மோதிக்கொண்டமைக்கு இது சான்றாகும். நாளைப் பெயரிடுவதும், இந்நாளில் உழைக்கலாம் இந்நாளில் உழைத்தலாகாது என விதிப்பதும் எக்காலத்திலும் எளிய செயல்களாக இருந்ததில்லை. மனித உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்படுகின்றது, அவ்வொழுங்கின் மீது யாருக்கு அதிகாரம் உண்டு என்ற வினாக்கள் அவற்றுள் அடங்கிக் கிடக்கின்றன. இந்நோக்கிலேயே அக்கான் மக்களின் புனித நாட்களையும், அந்நாட்களோடு பிணைந்த நிலம், நீர், மரம் ஆகியவற்றின் தெய்வங்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

அக்கான் எனப்படுவோர் இன்றைய கானாவின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் ஐவரி கோஸ்டின் கிழக்குப் பகுதியிலும் வாழும், மொழியாலும் தாய்வழிக் குல அமைப்பாலும் தொடர்புடைய மக்கட் குழுவினர். அசாந்தி, ஃபந்தே, அக்கியெம், அக்குவாபெம், போனோ முதலியோர் இவர்களுள் அடங்குவர். இவர்களது சமயம் பற்றி எழுதியோரை இரு திறத்தினராகப் பிரிக்கலாம். ஐரோப்பிய வணிகரும் மிஷனரிமாரும் முதலாந் திறத்தினர். போர்த்துக்கேயர் இட்ட ‘மாயப்பொருள்’ என்னும் பொருள்தரும் சொல்லை வைத்துக்கொண்டு இம்மக்களின் வழிபாடு முழுவதையும் அறியாமையின் விளைவாக அவர்கள் ஒதுக்கினர். இதற்கு எதிர்வினையாக எழுந்தவர்கள் இரண்டாந் திறத்தினர். 1944ஆம் ஆண்டு ஜே. பி. டன்குவா அக்கான் மக்களின் கடவுட் கோட்பாடு பற்றி எழுதிய நூல் இவ்வகையில் முன்னோடியானது. அக்கான் சிந்தனை ஐரோப்பியத் தத்துவத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என நிறுவுவதே அவரது நோக்கம். அடிமைப்பட்ட நாடொன்றின் அறிவாளி இத்தகைய நூலை எழுதியமைக்கு வரலாற்று நியாயம் உண்டு. அண்மைக் காலத்தில் சூழலியல் ஆர்வலர் சிலர் இதே போக்கினை வேறொரு வடிவில் தொடர்கின்றனர். புனித நாட்களும் புனிதக் காடுகளும் காலங்கடந்த இயற்கை ஞானத்தின் வெளிப்பாடுகள் என்பது அவர் கூற்று.

இகழ்ச்சியும் புகழ்ச்சியும் தம்முள் மாறுபட்டனவாயினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டும் வரலாற்றை வெளியே நிறுத்திவிடுகின்றன. நம்பிக்கைகளை உருவாக்கிய மனிதர் எவ்வாறு உண்டனர், யார் நிலத்தை வெட்டித் திருத்தினர், யார் விளைவைக் கொண்டுசென்றனர் என்னும் கேள்விகள் எழுப்பப்படுவதேயில்லை.

2

முதலில் நாட்காட்டியின் அமைப்பை நோக்குவோம். அக்கான் மக்களிடையே இருவகை வாரங்கள் ஒருங்கே வழங்கின. ஒன்று, ஏழு நாட்களைக் கொண்டது. மற்றையது ஃபோ, நுவுனா, நிச்சி, குரு, குவா, மோனோ என்னும் ஆறு நாட்களைக் கொண்டது. ஆறு நாள் வாரமே பழைமையானதென்றும், ஏழு நாள் வாரம் பின்னர் வந்து சேர்ந்ததென்றும் கருதுவோர் உளர். இவ்விரு வாரங்களும் ஒருசேரச் சுழலும்பொழுது, குறிப்பிட்டதொரு பெயரிணை மீண்டும் வருவதற்கு நாற்பத்திரண்டு நாட்கள் செல்லும். ஆறையும் ஏழையும் பெருக்கிப் பெறும் தொகை அதுவே. இச்சுற்று ‘அடாடுவானான்’, அதாவது ‘நாற்பது நாட்கள்’ எனப் பெயர்பெறும்.

இச்சுற்றினுள் நான்கு நாட்கள் சிறப்பானவை. ‘குரு’ நாளும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் நாள் ‘அக்வாசிடாயே’. ‘குரு’ நாளும் புதன்கிழமையும் கூடும் நாள் ‘அவுக்குடாயே’. இவ்விரண்டும் அடாயே எனப்படும் மூதாதையர் நாட்களாகும். முன்னையதிலிருந்து பின்னையதற்கு இருபத்துநான்கு நாட்களும், பின்னையதிலிருந்து அடுத்த அக்வாசிடாயேக்குப் பதினெட்டு நாட்களும் செல்லும். ‘ஃபோ’ நாள் வெள்ளியோடு கூடும்போது ‘ஃபோஃபியே’ எனவும், திங்களோடு கூடும்போது ‘ஃபோட்வோ’ எனவும் வழங்கும். ஃபோஃபியே நாளில் தெய்வங்களுக்கும் அவற்றின் பூசகர்களுக்கும் சிறப்பிடம் உண்டு. இவற்றைத் தவிர, கிழமைதோறும் வரும் ஓய்வு நாட்களும் உள. அசாந்தியருக்கு வியாழனும் ஃபந்தேயருக்கு வெள்ளியும் நிலத்துக்குரிய நாட்கள். கரையோர மீனவருக்குச் செவ்வாய் கடலுக்குரிய நாள்.

இந்நாட்கள் அனைத்தும் ‘புனிதமானவை’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது வழக்கம். ஆயின் அவற்றை ஊன்றி நோக்குமிடத்து, மூவேறு அடுக்குகள் புலப்படுகின்றன. நிலத்தின் நாள் உழைப்போர் அனைவருக்கும் பொதுவானது. தெய்வங்களின் நாளில் பூசகர் இன்றியமையாதவர். அடாயே நாளின் மையம் அரச ஆசனமாகும். முதலாவதில் மண்ணும், இரண்டாவதில் கோயிலும், மூன்றாவதில் அரண்மனையும் முதன்மை பெறுகின்றன. இம்மூன்று அடுக்குகளும் ஒரே காலத்தில் ஒரே காரணத்தால் தோன்றியவையெனக் கொள்ளுதற்கில்லை. அக்கான் சமுதாயத்தின் வளர்ச்சி இவற்றினுள்ளே படிந்து கிடக்கின்றது என்பதே எமது கருத்து.

3

அசாந்தியர் நிலத்தாயை ‘அசாசே யா’ என்பர். ‘அசாசே’ என்பது நிலம். ‘யா’ என்பது வியாழக்கிழமை பிறந்த பெண்ணுக்குரிய பெயர். ஃபந்தேயரோ அவளை வெள்ளிக்கிழமைப் பெயரால் ‘அசாசே எஃபுவா’ என அழைப்பர். மனிதப் பெண்ணுக்கு இடும் பெயரையே நிலத்துக்கும் இட்டு, அவள் பிறந்த நாளில் அவளைத் துன்புறுத்தாது விடுதல் இவ்வழிபாட்டின் சாரமாகும். அந்நாளில் மண்ணைக் கொத்துதல் கூடாது. விதைப்புக் காலத்திலும், பிணம் புதைக்கக் குழி தோண்டும்போதும் அவளிடம் அனுமதி வேண்டி மதுவை நிலத்திலே சொரிவர். இரத்தஞ் சிந்துதல் அவளுக்கு எதிரான குற்றமாகக் கொள்ளப்பட்டது.

இத்தெய்வம் பற்றி 1923ஆம் ஆண்டிலும் பின்னரும் விரிவாக எழுதிய மானிடவியலாளர் ஆர். எஸ். றட்றே முதலியோர் பதிவுசெய்துள்ள ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. அசாசே யாவுக்குக் கோயில் இல்லை, பூசகர் இல்லை, அவள் வாயிலாகக் குறிகேட்கும் வழக்கமும் இல்லை. ஒவ்வொரு விவசாயியும் தன் தோட்டத்தில் தானே கோழியும் மசித்த கிழங்கும் படைத்து வணங்குகின்றான். இடைத்தரகர் இல்லாத இவ்வழிபாடு, நிலம் குலத்தின் பொதுவுடைமையாக இருந்த நிலைமையோடு பொருந்துவது. இறந்தோரும் வாழ்வோரும் இனிப் பிறப்போரும் சேர்ந்த குலமே நிலத்துக்கு உரியது. தனியொருவர் பெறுவது பயன்பாட்டு உரிமை மட்டுமே. விற்கவியலாத நிலமே தாயாக முடிந்தது எனலாம்.

நீர்நிலைகளும் மரங்களும் இதனை ஒத்தவையே. ‘அபோசொம்’ எனப்படும் தெய்வங்களுட் பெரும்பாலானவை ஆறுகளோடும் ஏரிகளோடும் தொடர்புடையன. வானக் கடவுளான ஒன்யாமேயின் பிள்ளைகளென அவை கூறப்படும். குமாசிக்குத் தென்கிழக்கே உள்ள பொசொம்துவே ஏரி, பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் விண்கல் வீழ்ந்த பள்ளத்தில் உருவானது. அதன் தெய்வமாகிய துவேயிடம் இறந்தோரின் ஆன்மாக்கள் விடைபெறச் செல்லுமென்பது நம்பிக்கை. இரும்புத் தூண்டிலும் வழக்கமான தோணியும் அங்கே விலக்கப்பட்டன. மீனவர் மரப்பலகையொன்றின் மேலிருந்து கைகளாலே நீரைத் தள்ளிச் சென்றே மீன்பிடித்தனர். எல்மினாவில் பென்யாக் களப்பிலே சில வாரங்கள் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டு, யூலை மாதத்து முதற் செவ்வாயன்று ‘பக்காட்டுவே’ விழாவிலே தலைவர் வலை வீசித் தொடங்கிவைத்த பின்னரே அத்தடை நீங்கும். கரையோரச் செவ்வாய்க்கிழமை ஓய்வு மிகப் பழைமையானது. ஒல்லாந்தரான பீற்றர் டி மறேஸ் 1602ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே அது குறிக்கப்பட்டுள்ளது.

மரங்களுக்கும் சில விலங்குகளுக்கும் ‘சசா’ எனப்படும் ஆற்றல் உண்டென்றும், முறைதவறி அவற்றை அழித்தால் அது பழிவாங்கும் என்றும் நம்பினர். பேசும் முரசு செய்வதற்குத் ‘துவெனெபொவா’ மரத்தை வெட்டும் தச்சன் முதலில் அம்மரத்திடம் மன்னிப்பு வேண்டி முட்டையோ கோழியோ படைத்தான். முரசறைபவன் நாட்தொடக்கத்திலே மரத்தையும் தோலையும் தனித்தனி விளித்து எழுப்பினான். தன் கைப்பொருளின் மூலப்பொருட்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தொழிலாளி மறவாதிருந்த காலமது. உற்பத்திப் பொருள் உற்பத்தியாளனிடமிருந்து அந்நியமாகாத நிலையின் கலைவடிவமாக அதனைக் கொள்ளலாம்.

இந்நம்பிக்கைகளை எவ்வாறு விளங்கிக்கொள்வது? மாந்திரிகமென்பது உண்மையான தொழில்நுட்பத்தின் குறைபாட்டை நிரப்பும் கற்பனைத் தொழில்நுட்பம் என்று பண்டைக் கிரேக்க சமுதாயத்தை ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சன் விளக்கினார். அவ்விளக்கம் இங்கும் பயன்படுவது. மழைக்காட்டிலே கோடரியும் மண்வெட்டியுமே கருவிகளாக நின்ற மனிதனுக்கு இயற்கை அளவிறந்த ஆற்றலாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் இத்தடைகளின் விளைவுகள் கற்பனையானவை அல்ல. கிழமைக்கொரு நாள் உடலுக்கு ஓய்வு கிடைத்தது. களப்பிலே மீன்குஞ்சு வளர்ந்தது. ஆற்றங்கரை மரம் நின்றது. பயனை முன்கூட்டி அறிந்தே மக்கள் தடையை உருவாக்கினர் எனக் கூறுவது மிகை. பயன் ஏற்பட்டமையாலேயே தடை நிலைத்தது எனக் கூறுவது பொருந்தும். பொய்யான உணர்வினுள்ளே மெய்யான அனுபவம் பொதிந்திருக்கக்கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

4

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாமும் புகழ்வோர் வரிசையிலேயே நிற்போம். இக்காடு எவ்வாறு விளைநிலமாயிற்று என்பதை அடுத்து நோக்குதல் வேண்டும்.

1482ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் எல்மினாவிற் கோட்டை கட்டினர். அவர்கள் நாடிவந்தது பொன். பொன்னுக்கு மாற்றாக அவர்கள் கொடுத்தவற்றுள், பெனின் முதலிய பிற பகுதிகளிற் கொண்ட அடிமைகளும் இருந்தனர். பொன்னுடையோர் அடிமைகளை வாங்கி, அவர்களது உழைப்பைக் கொண்டு அடர்காட்டை வெட்டித் திருத்தினர் என்றும், அவ்வாறே அக்கான் வேளாண்மைச் சமுதாயம் விரிவுபெற்றது என்றும் வரலாற்றாசிரியர் ஐவர் வில்க்ஸ் வாதித்துள்ளார். இவ்வாதத்தின் காலக்கணிப்புப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அசாந்திப் பேரரசின் செல்வம் பொன், கோலாக் கொட்டை, அடிமை வாணிகம் ஆகியவற்றையும் அடிமை உழைப்பையும் சார்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை. கியாமான் நாட்டு அப்ரொன் அரசை ஆராய்ந்த பிரெஞ்சு மார்க்சிய அறிஞர் இமானுவேல் தெறே, தொலைதூர வாணிகம் தானாகவே அரசை உருவாக்கிவிடாது என்றும், அவ்வாணிகத்துக்கான பொருளை உற்பத்திசெய்த அடிமைகளின் சுரண்டலே ஆளும் வர்க்கத்தின் அடித்தளம் என்றும் 1974இல் எடுத்துக்காட்டினார்.

இப்பின்னணியிலே தொன்மக் கதைகளும் புதுப்பொருள் தருகின்றன. ஒன்யாமே தன் மைந்தருள் கீழ்ப்படிவுள்ள பியாவுக்கு வளமான நிலத்தைக் கொடுக்க எண்ணினார் என்றும், ஆட்டின் தந்திரத்தால் தானோ முந்திச்சென்று அதனைப் பெற்றுக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. பியாவும் தானோவும் ஆறுகளின் தெய்வங்கள். தானோ அவற்றுள் தலைமையானது. நிலப்பங்கீட்டின் ஏற்றத்தாழ்வுக்கு நியாயந் தேடும் முயற்சி இக்கதையிலே தெளிவாகத் தென்படுகின்றது. வளம் முந்தியவனுக்கே உரியதென்பது அதன் உட்பொருள்.

அரச நாட்களிலே இப்போக்கு முழுமை பெறுகின்றது. 1701ஆம் ஆண்டளவில் டென்கிராவை வென்று எழுந்த அசாந்தி அரசின் புனிதச் சின்னம் பொன்னாசனமாகும். அது வெள்ளிக்கிழமை தோன்றியமையால் வெள்ளிக்குரிய ஆண்பெயரான ‘கோஃபி’ அதற்கும் இடப்பட்டது. நிலத்துக்குப் பெண்ணின் பெயர். ஆட்சிக்கு ஆணின் பெயர். அடாயே நாட்களில் மறைந்த தலைவர்களின் கறுப்பாக்கப்பட்ட ஆசனங்களுக்கு மசித்த கிழங்கும் ஆட்டிறைச்சியும் படைக்கப்படும். ஆண்டுக்கொருமுறை ‘ஒட்விரா’ என்னும் பெருவிழா நிகழ்ந்தது. எங்கள் வள்ளிக்கிழங்கின் இனத்ததாகிய யாம் கிழங்கின் புதுவிளைவை உண்பதற்குரிய காலம் அவ்விழாவோடு பிணைந்திருந்தது. 1817ஆம் ஆண்டு குமாசியிலே இவ்விழாவைக் கண்ட ஆங்கிலேயரான தொமஸ் பௌடிச் அதனை விரிவாக எழுதியுள்ளார். மாகாணத் தலைவர்கள் யாவரும் வந்து பணிதல், வழக்குகள் தீர்க்கப்படுதல், நரபலி ஆகியன யாவும் அதிலே இடம்பெற்றன. அறுவடையின் நன்றியுணர்வு அரசின் கணக்கெடுப்பாக மாறிவிட்டது. ஒட்விராவை விரிவாக ஆராய்ந்த ரி. சி. மக்காஸ்கி, அசாந்தி அரசு மக்களின் நம்பிக்கையையும் காலத்தையும் தன் மேலாண்மைக்கு உட்படுத்திய விதத்தை 1995ஆம் ஆண்டு வெளியான நூலில் விளக்குகின்றார். கிராம்சியின் சிந்தனை அவருக்குப் பெரிதும் துணைபுரிந்துள்ளது.

இங்கே அடிமையின் இடம் யாது? வடக்கிலிருந்து கொணரப்பட்ட அடிமை ‘ஒடொன்கோ’ எனப்பட்டான். வியாழக்கிழமைத் தடை மண்ணின் மீதான தடையாதலின், மண்வெட்டி பிடித்த யாரையும் அது கட்டுப்படுத்தியிருத்தல் வேண்டும். அந்த அளவுக்கு நிலத்தாயின் நாள் அவனுக்கும் உரியதாயிற்று. அடாயே நாள் அத்தகையதன்று. தாய்வழிக் குலமற்றவனுக்கு ஆசன அறையிலே மூதாதையர் இல்லை. ஒருவரது பூர்வீகத்தைப் பிறர் வெளிப்படுத்தலாகாது என்ற புகழ்பெற்ற அசாந்தி விதி அடிமைகளின் வழித்தோன்றல்களைக் குலத்தினுள் உள்வாங்க உதவியது உண்மையே. ஆயின் அதே விதி, காட்டை வெட்டியவர் யார் என்ற வரலாற்றையும் மௌனமாக்கிற்று. அந்த மௌனத்தின் மீதே திருநாளின் முரசு ஒலித்தது.

5

குடியேற்ற ஆட்சி இக்காலவொழுங்கினை மூன்று வழிகளாலே தாக்கியது: திருச்சபை, சந்தைப் பயிர், சட்டம் என்பன அவை.

பேசல் மிஷனரிமார் 1828இல் பொற்கரைக்கு வந்தனர். 1835இல் அக்குவாபெம் மலைப்பகுதியின் அக்ரொபொங்கை அடைந்தனர். அவர்களுள் ஜே. ஜி. கிறிஸ்டலர் துவி மொழிக்கு 1875இல் இலக்கணமும், 1879இல் மூவாயிரத்து அறுநூறு பழமொழிகளின் தொகுப்பும், 1881இல் அகராதியும் தந்தார். மொழியைப் பேணிய அதே நிறுவனம் மதம் மாறியோரைத் தனிக் குடியிருப்புகளில் வாழச் செய்து, ஞாயிறே ஓய்வு நாள் எனக் கற்பித்தது. மரபுவழி விழா நாட்களை வேலை நாட்களாக மாற்றியதன் மூலம் புரட்டஸ்தாந்தம் மூலதனத்தின் தோற்றத்தில் முக்கிய பங்கு வகித்தது என்று ‘மூலதனம்’ முதற்பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பொன்றிலே மார்க்ஸ் கூறுவது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஐரோப்பாவில் அடித்தளத்திலிருந்து எழுந்த மாற்றம் ஆபிரிக்காவிலே மேலிருந்து இறங்கியது.

சந்தைப் பயிர் கொக்கோ ஆகும். 1879ஆம் ஆண்டு தெத்தே குவாஷி பெர்னாண்டோ போவிலிருந்து கொக்கோ விதைகளை அக்குவாபெம் பகுதிக்குக் கொணர்ந்தார் என்பர். 1911ஆம் ஆண்டளவில் உலகிலே கொக்கோ உற்பத்தியில் முதலிடத்தைப் பொற்கரை அடைந்தது. யாம் ஆண்டுப் பயிர். அறுவடையின் பின் நிலம் காட்டிடமே திரும்பும். கொக்கோவோ பல்லாண்டுகள் நிற்கும் மரம். அதை நட்டவனின் உரிமை நிலத்திலே நிலைத்துவிடும். பணங் கொடுத்து நிலம் வாங்கிப் பெயர்ந்து சென்ற கொக்கோ விவசாயிகளைப் பொலி ஹில் 1963ஆம் ஆண்டின் நூலில் ஆராய்ந்தார். தாயாக இருந்த நிலம் விலைப்பொருளாகத் தொடங்கிய காலம் இதுவே. வியாழக்கிழமை ஓய்வின் பொருளியல் அடித்தளம் ஆட்டங்கண்டது.

சட்டத்தின் வரலாறு ஈழத்து வாசகருக்கு நெருக்கமானது. 1897ஆம் ஆண்டு பொற்கரைக் குடியேற்ற அரசாங்கம் நிலங்களின் நிருவாகத்தை முடியின் அதிகாரத்துக்கு உட்படுத்தும் நிலச்சட்ட மூலமொன்றை முன்வைத்தது. அதே 1897ஆம் ஆண்டிலேயே இலங்கையில் முதலாம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. காடும் சேனை நிலமும் உரிமை நிறுவப்படாவிடின் முடிக்குரியன என்ற 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் கோட்பாட்டை அது வலுப்படுத்தியது. ஒரே பேரரசு, ஒரே ஆண்டு. ஆயின் முடிவுகள் வேறு. பொற்கரையிலே தலைவர்களும் வழக்கறிஞரும் வணிகரும் கேப் கோஸ்டிற் கூடிப் பழங்குடியினர் உரிமைப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவி, 1898இல் இலண்டனுக்குத் தூது அனுப்பிச் சட்டமூலத்தைக் கைவிடச் செய்தனர். 1897ஆம் ஆண்டிலே வெளிவந்த மென்சா சர்பாவின் ஃபந்தே வழக்காற்றுச் சட்ட நூல் இப்போராட்டத்தின் அறிவுத்தளத்துக்கு எடுத்துக்காட்டு. ‘தரிசு’ என்றொரு நிலமே இல்லை, ஒவ்வோர் அடி நிலத்துக்கும் உரியோர் உளர் என்ற வாதம் சட்டமொழியில் எழுந்தது. அதன் வேர் அசாசே யா மீதான நம்பிக்கை வளர்ந்த அதே மண்ணுடைமையிலே இருந்தது. இலங்கையில் அக்காலத்துக்கு முன்னரே தோட்ட முதலாளித்துவம் மலைநாட்டை விழுங்கிவிட்டிருந்தது; பொற்கரையிலோ விளைவிப்போர் சுதேச விவசாயிகளாகவே இருந்தனர். வேறுபாட்டின் காரணத்தை இங்கேதான் தேடல் வேண்டும். இலங்கையிலே 1907 முதல் 1912 வரை குடியேற்றச் செயலாளராயிருந்த ஹியூ கிளிஃபோர்ட் அங்கிருந்து பொற்கரைத் தேசாதிபதியாகச் சென்று, 1925இல் இலங்கைத் தேசாதிபதியாகத் திரும்பி வந்தமையை நோக்கினால், இவ்விரு நாடுகளின் வரலாறுகளும் ஒரே அலுவலகத்தின் இரு கோப்புகளாக இருந்தமை புலனாகும்.

அசாந்தியின் நிலைமை இன்னும் சிக்கலானது. 1896இல் மன்னர் பிரெம்பே சிறைபிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். 1900ஆம் ஆண்டு பொன்னாசனத்தைக் காக்க எழுந்த போரின் தலைவி யா அசாந்தேவா. அவரது பெயர் நிலத்தாயின் பெயரே, வியாழக்கிழமைப் பெயர். அவரும் செயிஷெல்ஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டு 1921இல் அங்கேயே மறைந்தார். 1935இல் பிரித்தானியர் அசாந்திக் கூட்டாட்சிச் சபையை மீள அமைத்தனர். இதன் பின்னர் 1940களிலே வியாழக்கிழமை ஓய்வு பெரும் விவாதப் பொருளாயிற்று. கிறிஸ்தவர் அந்நாளில் தோட்ட வேலைக்குச் சென்றமை தலைவர்களுக்கும் திருச்சபைகளுக்கும் இடையே பிணக்கை உண்டாக்கியது. கே. ஏ. பூசியா 1951ஆம் ஆண்டின் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். ஒரு புறம் மனச்சாட்சிச் சுதந்திரம், மறுபுறம் மரபு. ஆயின் மரபின் காவலராக நின்ற தலைவர்கள் இப்போது மறைமுக ஆட்சியின் உறுப்பினராயும் இருந்தனர். கோயிலும் பூசகரும் இல்லாதிருந்த நிலத்தாயின் நாள், குடியேற்ற ஆட்சி ஏற்றுக்கொண்ட அதிகாரிகளால் தண்டம் விதித்துக் காக்கப்படும் நிலையை அடைந்தது. மரபு அழிந்ததால் மட்டுமன்றி, காக்கப்பட்ட முறையாலும் அது மாறிவிட்டது.

6

எனினும் இந்நாட்களின் வரலாறு ஒடுக்கப்பட்டோர் வரலாறாகவும் இருந்தது. அத்திலாந்திக் கடலுக்கப்பால் விற்கப்பட்ட அக்கான் மக்கள் நிலத்தையும் குலத்தையும் இழந்தனர். கிழமைப் பெயர்களை இழக்கவில்லை. 1739இல் பிரித்தானியரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்த யமேக்கா மறூன் தலைவர் கட்ஜோ திங்கட்கிழமைப் பெயரினர். 1763இல் பெர்பீஸ் அடிமைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கஃபி வெள்ளிக்கிழமைப் பெயரினர். பொன்னாசனத்தின் பெயரும் அடிமைத் தலைவனின் பெயரும் ஒன்றே. ஒரே மரபு அரண்மனையில் ஒரு பொருளையும் கரும்புத் தோட்டத்தில் நேரெதிரான பொருளையும் பெற்றமைக்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

பொற்கரையிலும் 1937–38 காலத்தில் ஐரோப்பியக் கொள்வனவுக் கம்பனிகள் தமக்குள் செய்துகொண்ட விலை உடன்பாட்டை எதிர்த்து விவசாயிகள் கொக்கோவை விற்க மறுத்தனர். தலைவர்கள் ஊர்தோறும் மணியறைந்து அவ்வொறுப்பை அறிவித்தனர். வியாழன் ஓய்விலிருந்து இம்மறுப்புப் பிறந்தது என நாம் கூறவரவில்லை. எல்லோரும் ஒருங்கே கை ஓய்தல், அதை மீறுபவன் ஊருக்குப் பகைவன் ஆதல் என்னும் பழைய ஒழுங்கு புதிய வர்க்க நலனுக்குப் பயன்பட்டது என்பதே நோக்கற்பாலது.

இன்றைய நிலைமையையுஞ் சிறிது நோக்குவோம். போனோப் பகுதியின் போபெங், ஃபியேமா ஆகிய ஊர்களிலே குரங்குகள் தெய்வத்தின் பிள்ளைகளாகக் கொல்லப்படாதிருந்தன. கிறிஸ்தவ சபையொன்றைச் சேர்ந்தோர் அவற்றைக் கொல்லத் தொடங்கியபோது, 1975இல் உள்ளூராட்சி விதியொன்றின் மூலம் வேட்டை தடைசெய்யப்பட்டது. நம்பிக்கை தளர்ந்த இடத்தைச் சட்டம் நிரப்பியது. பொசொம்துவே ஏரி 2016இல் யுனெஸ்கோவின் உயிர்மண்டல ஒதுக்கிடமாக ஏற்கப்பட்டது. மறுபுறத்தில் பிரா, ஒஃபின், பிரிம், அங்கோப்ரா ஆகிய ஆறுகள் ‘கலாம்சே’ எனப்படும் சட்டவிரோதப் பொன் அகழ்வினாற் சேறாகிக் கிடக்கின்றன. பாதரசம் நீரிற் கலக்கின்றது. 2024 ஆகஸ்டில் பிரா ஆற்று நீரின் கலங்கல் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவைப் பன்மடங்கு மிஞ்சியமையால் கேப் கோஸ்ட் முதலிய இடங்களுக்கு நீர் வழங்குவதே பெரும் இடராயிற்று.

ஆற்றுத் தெய்வத்தின் மீதான அச்சம் அற்றுப்போனமையே இதற்குக் காரணம் என்போர் உளர். அவ்விளக்கம் காரணத்தைத் தலைகீழாக வைக்கின்றது. கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு கனிப்பொருட்களைக் குடியரசின் உடைமையாக்கிச் சனாதிபதியிடம் ஒப்படைக்கின்றது. ஆசன நிலங்களின் வருமானத்திலே தலைவர்களுக்கும் பங்குண்டு. பொன்னின் விலை உலகச் சந்தையிலே தீர்மானிக்கப்படுகின்றது. வேலையற்ற இளைஞன் சேற்றில் இறங்குகின்றான். மண்வாரி இயந்திரத்தின் சொந்தக்காரன் அங்கு இறங்குவதில்லை. இந்த உறவுகளை மாற்றாது பழைய அச்சத்தை மீட்க முனைவது, வேரை விட்டு நிழலுக்கு நீரூற்றுவதாகும்.

அவ்வாறாயின் முற்போக்காளர் இம்மரபினை எவ்வாறு அணுகுதல் வேண்டும்? மூடநம்பிக்கை என்று தள்ளுவது மிஷனரியின் வேலையை மீண்டும் செய்வதாகும். தூய ஞானம் என்று போற்றுவது, காட்டை வெட்டிய அடிமையை மறுபடியும் மறப்பதாகும். மூன்று அடுக்குகளையும் பிரித்தறிதலே நேரிய வழி. அரண்மனையின் நாளை வரலாற்றுக்கு விட்டுவிடலாம். ஆனால் நிலத்தாயின் நாளிலே ஒரு கோரிக்கை உண்டு: உழைப்புக்கும் எல்லையுண்டு, இயற்கையிடமிருந்து எடுப்பதற்கும் எல்லையுண்டு, அவ்வெல்லையை இலாபம் அன்றிச் சமுதாயமே வகுத்தல் வேண்டும் என்பது அது. அக்கான் விவசாயி அதனைத் தெய்வத்தின் வாயால் கூறினான். அதனைத் தம் சொந்த வாயால், திட்டமிட்ட சமுதாயச் செயலாகக் கூறும் நிலைக்கு உழைக்கும் மக்கள் உயரும்போது, வியாழக்கிழமையின் பொருள் அழிந்துவிடாது. அன்றுதான் அது நிறைவுபெறும்.